சாம்பலில் புதைத்த சூடு

ஓசூரில் சம்பங்கி குடியிருந்த வரிசை வீட்டில் நாலு அறைக்கும் சேர்த்து ஒரே மீட்டர். வாடகையிலேயே கரண்டும் அடக்கம் என்பதால், வீட்டுக்காரி வெங்கடம்மாள் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்: பல்பு எரியலாம், ரேடியோ பாடலாம், ஹீட்டர் என்ற பேச்சே கூடாது. போன வருஷம் சுருள் ஹீட்டரோடு மாட்டிக்கொண்ட மூன்றாவது அறைக்காரர், அந்த வாரமே தட்டுமுட்டுச் சாமான்களோடு கெலமங்கலம் பஸ் ஏறினார்.

எண்பத்தாறாம் வருஷ மார்கழி. ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து குளிர் நேராக இறங்கியது. சம்பங்கியின் ஐந்து மாதப் பெண்குழந்தைக்குச் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சு கரகரத்தது. "ரூமைச் சூடா வெச்சுக்கம்மா" என்றார் டாக்டர். எதை வைத்து என்று சொல்லவில்லை.

வழி அவள் புருஷன் சென்றாயன் வேலை பார்த்த வார்ப்படக் கம்பெனியிலிருந்து வந்தது. உலையின் உட்சுவரைப் பிரித்தபோது கழித்துப் போட்ட செங்கற்களில் நாலை, சூப்பர்வைசரிடம் கேட் பாஸ் எழுதி வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.

"காலையில அணைச்ச உலை, சாயந்திரம் வரைக்கும் கிட்டப் போக முடியாது. எல்லாம் இந்தக் கல்லோட வேலை."

தினமும் சாயந்திரம் வெந்நீர் அடுப்பில் தைலமரச் சுள்ளி எரியும். தண்ணீர் காய்ந்ததும் சம்பங்கி கற்களைத் தணலுக்குள் தள்ளுவாள். நன்றாகச் சூடேறியபின் தணல் ஒட்டாமல் தட்டி, இரும்புச் சட்டியில் அடுக்கி, ஆறிய சாம்பலால் மூடிக் கட்டிலருகே வைப்பாள். விடியும்வரை அறை வெதுவெதுப்பாக இருக்கும். நாலாம் நாள் குழந்தை வயிறாரப் பால் குடித்துவிட்டு அயர்ந்து தூங்கியது.

மறுநாள் காலை கோலமாவு கேட்டு வந்த வெங்கடம்மாள் கதவைத் திறந்ததும், முகத்தில் சூடு தட்டியது.

"ஏனிது?" கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும். "எங்கடி ஒளிச்சு வெச்சிருக்க ஹீட்டரை?"

"ஹீட்டர் இல்லீங்கக்கா."

"அப்ப உம் புருசன் ஊதி ஊதிச் சூடு பண்றானா?"

சம்பங்கி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் நெஞ்சு தெளிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பனியில் எங்கே போவது? அதற்குள் வெங்கடம்மாள் குனிந்து சட்டிக்குள் கையை விட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கல்லு!"

"உலைக் கல்லுங்க. உங்க கரண்டு துளிகூட செலவாகல. சுள்ளியும் நான் பொறுக்கினதுதான்."

"நேத்து சாயந்திரம் சுட்டதா இது?"

"ஆமாங்கக்கா."

வெங்கடம்மாள் கட்டில் பக்கம் குனிந்தாள். குழந்தையின் மூச்சைச் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பித்தவெடிப்பு விழுந்த பாதங்களைச் சட்டியோரம் நீட்டினாள். கோலமாவை வாங்காமலே போனாள்.

அன்று சாயந்திரம் அடுப்பருகே ஒரு கட்டுக் காய்ந்த விறகு கிடந்தது. பக்கத்திலேயே வெங்கடம்மாளின் பழைய இரும்புச் சட்டி. சம்பங்கி கொஞ்சம் யோசித்தாள். மூன்று கற்களைக் குழந்தைக்கு எடுத்துக்கொண்டு, நாலாவதை அந்தச் சட்டியில் புதைத்து அவள் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

காலையில் சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்த வெங்கடம்மாள் வாசலிலேயே நின்று சொன்னாள்: "ஒத்தைக் கல்லு பத்தலடி. இன்னும் ரெண்டுக்குக் கேட் பாஸ் கெடைக்குமான்னு உம் புருசனைக் கேளு."