பெயிண்டுக்குப் போர்த்திய கம்பளி

பிக்கப் வண்டிக்கு இரும்பு பம்பர், அடித்தகடு, கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் எல்லாம் பூட்டி, கேரளத்து வித்துராவுக்கு மேலே காட்டுப்பாதையில் இறக்கினேன். சேற்றில் புதைந்தது. நானும் மைத்துனன் மதியும் வின்ச் கம்பியை மரத்தில் கட்டினோம். கம்பி அறுந்தால் சாட்டையாகப் பாயும். அந்த வேகம் அடங்க அதன்மேல் கனத்த கம்பளி போடவேண்டும். நானோ புதுப் பெயிண்ட் கீறாமலிருக்க அதைப் பானெட்டில் போர்த்தியிருந்தேன்.

"அத்திம்பேரே, கம்பளி இங்கேயல்லவா வேணும்?" என்றான் மைத்துனன்.

"நீ கம்பியைப் பாருடா, மதி."

வின்ச்சை ஓட்டியதும் கம்பி அறுந்து அவன் முழங்காலை உடைத்தது. அவன் அலற, நான் முதலில் பானெட்டைத் தடவிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் மனைவி, "ஏன்னா, பெயிண்ட் போகலையே?" என்றாள். கேலி புரியாமல், "இல்லை" என்றேன்.

மைத்துனன் இன்னும் கோலூன்றித்தான் நடக்கிறான். இப்போது கம்பளியைக் கம்பிமேல்தான் போடுகிறேன். அருகில் யாரையும் நிற்கவிடுவதில்லை. கூப்பிட்டால் யாரும் வருவதுமில்லை.