எண்பத்தேழாம் பதிவின் குறிப்பு

ஜோதி மேரிக்குப் பயம் என்பது பிறவியிலேயே கூட வந்த சங்கதி. காஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப் வரை போனவள் திரும்பி வருவாள். கல்லூரி முதல்வர் "கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டால் வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிடுவாள். முப்பத்தொன்பது வயது. கடலூர் முதுநகரில் வீடு, சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "பயந்தான்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். இப்படிப்பட்டவள் உலகம் பூராவும் ஆட்கள் எடுத்துப் பயன்படுத்துகிற ஒரு மென்பொருளை எழுதி வைத்திருக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தாலும், "அது என்னாத்துக்கு ஆவும்?" என்றுதான் கேட்பார்கள்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை எதுவானாலும் விவரங்களைக் கம்ப்யூட்டரில் பட்டியல் பட்டியலாகத்தான் வைப்பார்கள். எந்தப் பட்டியல் எதோடு சேருகிறது என்று புரியாமல் திண்டாடுகிறவர்களுக்கு, அவற்றைப் பெட்டிகளாகவும் கோடுகளாகவும் வரைந்து காட்டுகிற கருவி அவளுடையது. மாடியில் துணி காயப்போடும் கொடியைப் பார்த்து அதற்குக் 'கொடி' என்றே பெயர் வைத்தாள். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்க்கலாம், குறை இருந்தால் எல்லாரும் பார்க்கிற மாதிரி பொதுப் பக்கத்தில் எழுதலாம். எழுதுகிறவர்கள் அவளை "சார்" என்பார்கள், "ப்ரோ" என்பார்கள். அவள் திருத்துவதில்லை.

குறை வந்தால் அன்றைக்கே பதில் போட்டுவிடுவாள். போடாவிட்டால் அந்தப் பக்கத்து மனுஷர் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். ஒருத்தன் கன்னாபின்னாவென்று திட்டி எழுதியபோதுகூட, "தெரிவித்ததற்கு நன்றி, உடனே பார்க்கிறேன்" என்று பணிவாக எழுதினாள். அந்தத் திட்டையும் அழிக்கவில்லை. வந்த குறையை அழிப்பது நியாயமில்லை என்பது அவள் கட்சி. ஐந்து வருஷத்தில் ஒன்றைக்கூட அழித்ததில்லை.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய அக்கா ஆரோக்கிய ராணியின் மகள் பெலிசியா. இருபத்திரண்டு வயது, சிதம்பரத்தில் விடுதியில் தங்கி எம்.சி.ஏ. கடைசி வருஷம். "எங்க சித்தி எழுதுனதுடீ" என்று தோழிகளிடம் பெருமை அடித்துக்கொள்வாள். சித்தி வேலையில் மாட்டிக்கொண்டிருந்தால் குறைகளுக்கு இவளே முந்திக்கொண்டு பதில் எழுதுவாள். மேல்பட்டாம்பாக்கத்து சகாய ஆனந்துக்கு அவளை நிச்சயம் பண்ணியிருந்தது. வருகிற ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பார்கள் அல்லவா, அதுதான்.

அதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை காலை, சிதம்பரம் பஸ்ஸில் ஜோதி மேரிக்குச் சன்னலோரத்தில் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் போனைத் திறந்தாள். செக் நாட்டுக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மனுஷர், இதற்கு முன்பும் இரண்டு குறை சொல்லி இரண்டும் சரியான குறைகள்.

"வணக்கம் சார். கட்டங்களை மறைத்து வைக்கும் வசதி திரையில் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் படத்தை அச்சுக்கு எடுத்தால் மறைத்த கட்டமும் சேர்ந்து வந்துவிடுகிறது. நீங்கள் கூடவே தரும் மாதிரிக் கோப்பிலேயே பார்த்தேன். அதில் ஏதோ அழகான எழுத்து இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. படம் இணைத்துள்ளேன்."

படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினாள். மூன்றாவது வரி. பதிவு எண் 87. குறிப்பு: தத்துப்பிள்ளை. புதுச்சேரி இல்லத்திலிருந்து பெறப்பட்டது. பெற்றோர் விவரம் இல்லை.

ஐயோ மாதாவே, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, "என்னா பாப்பா, எதுனா மறந்துட்டியா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

நடந்தது இதுதான். ஊரடங்கு சமயத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி அப்போதைய பங்குச் சாமியார் அவளைக் கேட்டிருந்தார். ஏற்றிக் கொடுத்தாள். அதற்கப்புறம் கொடியைப் பயன்படுத்துகிறவர்கள், வெறும் பெட்டியைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை, உள்ளே இரண்டு மூன்று வரி இருக்கிற மாதிரி ஒரு கோப்புக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அடுத்தவர் விவரத்தைத் தொடப் பயந்து, தன் வீட்டு வரிகளை மட்டும் எடுத்தாள். தன்னுடையது, அக்காவுடையது, பெலிசியாவுடையது. பெயர்களை மாற்றினாள். எண்ணை மாற்றவில்லை, மாற்றினால் பெட்டிகளுக்கு நடுவே ஓடுகிற கோடு அறுந்துவிடும். குறிப்புக் கட்டத்தை மறைத்தாள். திரையில் காணவில்லை, அத்தோடு நிம்மதியாகிவிட்டாள். அழித்திருக்க வேண்டியதை மறைத்தாள், பாருங்கள்! எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள், தான் எழுதியதை நம்பிய அந்த ஒரு இடத்தில் மட்டும் பயப்படாமல் போனாள்.

எண்பத்தேழு பெலிசியாவின் எண். தான் தத்துப்பிள்ளை என்பது அவளுக்கே தெரியாது. அக்கா, அவள் வீட்டுக்காரர் மரியலூர்து, ஜோதி மேரி, மாற்றலாகிப் போன அந்தச் சாமியார், இவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் பேசுவார்கள். பத்தாவது முடியட்டும், பன்னிரண்டு முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் கல்யாணம் முடியட்டும் என்பதில் வந்து நின்றிருந்தது.

பக்கத்தை மேலே தள்ளினாள். செக் நாட்டுக்காரருக்குக் கீழே இருபது நிமிஷத்துக்கு முன்பே ஒரு பதில். பெலிசியா! "எனக்குத் தமிழ் தெரியும், உதவுகிறேன்" என்று தொடங்கி, அந்தக் குறிப்பை ஆங்கிலத்தில் சுத்தமாக மொழிபெயர்த்துப் போட்டிருந்தாள். வாட்ஸ்அப்பிலும் ஒன்று வந்திருந்தது. "சித்தி, மாதிரியில போயி இவ்ளோ சோகமா எழுதி வச்சிருக்கியே! அந்த 87 யாரு? நெஜ ஆளா?"

அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் ஓலைக்காக ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும், அதை வாங்க மரியலூர்து இன்றைக்கு ஒன்பது மணிக்குப் பங்கு ஆபீசுக்குப் போகிறார். தத்து என்று அதில் இருக்காது, பதிவேட்டை ஏற்றும்போதே சாமியார் அப்படி ஏற்பாடு பண்ணியிருந்தார். ஆனால் பதிவு எண் இருக்கும், அதே 87.

அக்காவுக்குப் போன் போட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, நடந்ததைச் சொன்னாள். ஆரோக்கிய ராணிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கத்தினாள்.

"அடிப்பாவி! எம்புள்ள வாழ்க்கைய எடுத்துக் கம்பூட்டர்ல போட்டியா? ஒன்ன யாருடி கேட்டா?"

"அக்கா, பேரெல்லாம் மாத்திட்டேங்க்கா. நம்பரு மட்டும்..."

"அழிச்சித் தொலைடி மொதல்ல. எத்தினி பேரு பாத்துருப்பாங்க?"

"அழிச்சிடறேன். ஆனா ஏற்கெனவே எறக்கி வச்சவங்ககிட்ட இருக்கும். எழுநூறு பேருக்கு மேல. அத ஒன்னும் பண்ண முடியாதுங்க்கா."

அந்தப் பக்கம் அக்கா அழ ஆரம்பித்தாள். அந்த அழுகைதான் ஜோதி மேரியை ரொம்பப் பயமுறுத்தியது. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வாள்.

"ஊருக்குத் தெரியறது கெடக்கட்டும்டி. எவ வயித்துப் புள்ளையோ நானுன்னு அவ என்ன ஒரு பார்வ பாத்தான்னா, நான் அதோட போயிடுவேன். சும்மா எழுதுனதுன்னு சொல்லிடு. மாதா மேல ஆணை, அப்பிடித்தான் சொல்லணும் நீ. சர்டிபிகேட்ட அவ கண்ணுல காட்ட வேணாம்னு இவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

புதுச்சத்திரத்தில் பஸ் நின்ற நேரத்தில் மாதிரிக் கோப்பைத் தூக்கினாள். அந்தக் குறையையும், அதோடு சேர்ந்த படத்தையும் பதிலையும், ஒட்டுமொத்தமாக அழித்தாள். பிறகு பெலிசியாவுக்கு எழுதினாள்: "கற்பனை வரிதான்டி. நானே எழுதுனது." இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை. பி.முட்லூர் தாண்டியும் வரவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தாள். பஸ்ஸில் எல்லாருக்கும் தெரிந்துவிட்ட மாதிரியும், கண்டக்டர் தன்னையே பார்க்கிற மாதிரியும் இருந்தது.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கினாள். டீக்கடை ஓரமாக, தோளில் லேப்டாப் பையோடு, பெலிசியா நின்றிருந்தாள். சித்தி எந்த பஸ்ஸில் வருவாள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன! முகத்தில் சிரிப்பில்லை.

"நான் நெஜமாவே சும்மாதான் கேட்டேன் சித்தி," என்றாள் பெலிசியா. "கற்பனைன்னு நீ சொன்னதும் சரின்னு விட்டுட்டேன். அப்பறம் அந்தச் செக் நாட்டுக்காரருக்கு ஒரு வரி சேத்து எழுதலாம்னு தொறந்தா பக்கமே இல்ல. அழிச்சிருக்க. கெட்ட வார்த்தையில திட்டுனவன் எழுதுனதையே நீ அழிக்கல. இத ஏன் அழிச்ச?"

"அது வந்து... தப்பா..."

"எங்கிட்ட மறைக்கத்தான் அழிச்சியோன்னு தோணுச்சு. அதுக்கப்பறம்தான் அப்பாவுக்குப் போன் பண்ணேன். சர்டிபிகேட் வாங்கிட்டீங்களான்னு. இப்பதான் கையில குடுத்தாங்கன்னாரு. போட்டோ எடுத்து அனுப்புங்கன்னேன், அனுப்பிட்டாரு." போனை நீட்டினாள். பக்கத்து மேசை தெரிகிற அவசரப் படம். பதிவு எண் 87.

அக்கா சொல்வதற்கு முன்பே மரியலூர்து அனுப்பிவிட்டிருக்கிறார். பாவம், மகள் கேட்டு எதை மறுத்தார் அந்த மனுஷர்?

இனிமேல் பொய் சொல்ல ஜோதி மேரியிடம் தெம்பில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பெலிசியாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தெரிந்ததையெல்லாம் சொன்னாள். நாற்பத்திரண்டு நாள் குழந்தையாகத் தூக்கி வந்தது, அக்கா ராத்திரியெல்லாம் மாரிலிருந்து இறக்காமல் வைத்திருந்தது, சொல்லச் சொல்லத் தள்ளிப்போட்டது, எல்லாம். தப்பு என்னுதுடி, என்ன அடிச்சாலும் வாங்கிக்கிறேன் என்றாள். பெலிசியா அழவில்லை.

"எழுநூறு பேரு எறக்கியிருக்காங்க இல்ல?"

"ஆமாண்டி."

"எல்லார்கிட்டயும் இருக்குது. எனக்குத்தான் கடைசியா."

ஜோதி மேரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எங்கே இந்தப் பெண் எழுந்து எந்தப் பக்கமாவது போய்விடுவாளோ என்று பிடித்த கையை விடவும் பயம்.

பெலிசியா போகவில்லை. கொஞ்ச நேரம் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். "அந்த ஆளு ஒன்னும் தெரியாம நல்லதுக்குச் சொன்னாரு. அழிச்சிட்டா, என்ன தப்பு பண்ணோம்னு நெனப்பாரு," என்று சொல்லிப் புதுப் பக்கம் ஒன்றைத் தொடங்கினாள். அச்சில் மறைத்த கட்டம் வருகிற குறை உண்மைதான், தெரிவித்ததற்கு நன்றி, சரிசெய்கிறோம், பழைய மாதிரிக் கோப்பை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து நீக்கிவிடவும் என்று எழுதினாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. காரணம் எழுதும் இடத்தில் மட்டும் விரல் நின்றது. "தனிப்பட்ட விவரம்" என்று போட்டு முடித்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. அம்மா. பெலிசியா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா," என்றாள் ஆரோக்கிய ராணி. அழுது முடித்த குரல். "சித்தி என்னமோ கம்பூட்டர்ல தத்து கித்துன்னு எழுதி வச்சிருக்காளாமே? அது சும்மா எழுதுனதாம்டி. நம்பருகூட ஏதோ ஒன்ன போட்டாளாம். நீ ஒன்னும் நெனச்சிக்கல இல்ல? பாப்பா? கேக்குதா? நீ ஒன்னும் நெனச்சிக்கல இல்ல?"

பெலிசியா கண்ணை மூடித் திறந்தாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று ஜோதி மேரி பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அட போம்மா," என்றாள் பெலிசியா. "சித்தி எழுதுனதுன்னு எனக்குத் தெரியாதா? நீ சாப்டியா மொதல்ல?"

"இன்னும் இல்லடி. இப்பதான்... இப்பதான் போட்டுக்கிறேன்." அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று பெரிதாகக் கேட்டது.

"சாப்புடு. ராத்திரி வரேன்."

போனை வைத்தாள். வைத்த பிறகுதான் சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டீக்கடைக்காரர் இரண்டு டீயை வைத்துவிட்டுப் போனார்.

பிறகு பெலிசியா நிமிர்ந்து, துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனந்துகிட்ட நானே சொல்லிக்கிறேன்," என்றாள். "அம்மா ஒன்னத்தான் துருவித் துருவிக் கேப்பாங்க சித்தி. நான் நம்பிட்டேன்னு சொல்லு."