மரியா பேசிய இங்கிலீஷ்

என் அம்மா சைப்பிரசுக்கு வீட்டு வேலைக்குப் போய் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டதை நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் நான்தான். காலையில் பீலியில் தண்ணீருக்கு வரிசை பிடிக்கும்போதே ஆரம்பித்துவிடுவேன். "எங்க அம்மா தோட்டத்துத் தொரை மாதிரி இங்கிலீஷ் பேசுவாங்க, தெரியுமா?" எனக்கு அப்போது ஒன்பது வயது. வயதுக்கு மீறிய வாய்.

அம்மா போனபோது அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் டொக்டர், லீவு, பஸ், அவ்வளவுதான். அங்கே ஒரே வீட்டில் நான்கு வருஷம் இருந்தாள். தமிழில் பேச ஒரு காக்கா குருவி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தால் பேச்சோடு பேச்சாக "ஓகே", "ஃபினிஷ்", "வெயிட்" என்று வந்து விழும். எனக்குப் பெருமை தாங்காது. பாதிப் பேச்சில் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்கும்: "மரியா! வேர் ஆர் யூ? கம் ஹியர்!" அம்மா உடனே "யெஸ் மேடம், கமிங் மேடம்" என்பாள். ஃபோன் கட்டாகிவிடும். அம்மாவின் பெயர் வாயில் நுழையவில்லை என்று அந்த மேடமே வைத்த பெயர் மரியா. அம்மாவுக்குப் புதுப் பெயர் வேறு கிடைத்திருக்கிறதே என்று நான் பூரித்துப்போனேன். தனியாக இருக்கும்போது மேடம் மாதிரியே மூக்கால் கூப்பிட்டுப் பழகுவேன்.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் மகள் என் வகுப்பில் படித்தாள். ஹட்டனுக்கு இங்கிலீஷ் டியூஷன் போகிறவள். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"ஒங்கம்மா கோப்பை கழுவத்தானே போனாங்க? அதுக்கு எதுக்குடி இங்கிலீஷ்?"

வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அம்மா வரட்டும், பேசிக் காட்டச் சொல்றேன். பேசாட்டி என் பேரை மாத்திக்கிறேன்!" என்று சவால் விட்டேன்.

அம்மா வந்தாள். ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் யார் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் ஊர் பார்க்கத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவுக்கு ஒரு சவர்க்காரம், பிள்ளைகளுக்குக் கைநிறைய டொஃபி. அம்மா பாதியாக மெலிந்திருந்தாள். பங்கு வைத்துக்கொண்டே எல்லோரையும் விசாரித்தாள், ஒரு வார்த்தை இங்கிலீஷ் வரவில்லை. கண்டாக்கு ஐயாவின் மகள் வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, இங்கிலீஷ்ல பேசுங்கம்மா."

"அதெல்லாம் அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன் கண்ணு."

"ஒரே ஒரு வார்த்தைம்மா!"

"வேணாம்னு சொல்றேன்ல."

என் மானம் கப்பலேறியது. நான்கு வருஷம் கழித்து வந்தவளோடு அன்று நான் பேசவே இல்லை. அவள் ஊட்டிய சோற்றைத் தட்டிவிட்டேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது. என்ன பிள்ளை நான்!

மறுநாள் மதியம் அம்மா தரையில் ஒருக்களித்துத் தூங்கினாள். நான் ஓடிப்போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தேன். கண்டாக்கு ஐயாவின் மகளையும் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து வந்து வாசலில் நிறுத்தினேன். பிறகு அடுப்படியில் மறைந்து நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, அந்த மேடத்தின் குரலில் கத்தினேன்.

"மரியா! வேர் ஆர் யூ? கம் ஹியர்!"

அம்மா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். கண்கூட முழுசாகத் திறக்கவில்லை. ஒரு கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு, குனிந்தபடி, "யெஸ் மேடம்! சாரி மேடம்! நோ ஸ்லீப்பிங் மேடம்! ஐ கிளீன் நவ், ப்ளீஸ் மேடம், ப்ளீஸ்!" என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கைதட்டிக்கொண்டு வெளியே குதித்தேன். "பாத்தீங்களா! எங்கம்மா எம்புட்டு இங்கிலீஷ் பேசுறாங்க, பாத்தீங்களா!"

கண்டாக்கு ஐயாவின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "நீதான்டி ஜெயிச்ச" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தான் இருப்பது நம் வீடு என்று விளங்க அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்னைத் திட்டவில்லை. "இருங்க பிள்ளைகளா, தேத்தண்ணி ஊத்துறேன்" என்று அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கண்ணாடி முன் நின்று, அம்மா பேசியதை அப்படியே பேசிப் பார்த்தேன். "யெஸ் மேடம், சாரி மேடம்." மறக்காமல் ஒரு கையால் கன்னத்தையும் மறைத்துக்கொண்டேன். அந்த ஊரில் இங்கிலீஷை அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள். "கையைக் கீழ போட்டுப் பேசு கண்ணு. நீ கையைக் கீழ போட்டுத்தான் பேசணும்" என்று சொல்லி, என்னைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லாமல் பேசியிருக்கிறேன், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.