வரிசையில் அடுத்தது மிஸ்

எங்கள் டவுன் நூலகத்தில் பேய்க்கதைகளுக்கும் துப்பறியும் நாவல்களுக்கும் கழிப்பறைக்குப் போகிற வழியில்தான் இடம். பெரிய இலக்கியமெல்லாம் வாசலில், கண்ணாடி அலமாரிக்குள். அதை யாரும் தொடுவதில்லை. டவுனுக்கு வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் நேராகப் பின்பக்கம்தான் போவார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிடுமே என்ற பதற்றத்தில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். லயத்து வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் அது ஏற்கனவே வாசித்ததாக இருக்கும்.

நான் அங்கே உதவியாளர். எனக்கு மேலே நூலகர், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தவர், வாசகர்கள் இருந்த இடத்திலேயே பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படி போனில் புத்தகக் காட்சி வைக்கலாம் என்றார்.

"நூலகத்துக்கெண்டு போன் இல்லை. உம்மட போனில ஸ்டேட்டஸாப் போடும் பிள்ளை. நான் இருக்கிறன்தானே."

என்னை நம்பி ஒரு வேலை கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வட்டவளை அக்கா, நோட்டன் அக்கா என்று ஊர்ப் பெயரிலேயே எல்லோருடைய நம்பரையும் பதிந்துகொண்டேன். மேசையில் கறுப்புத் துணி விரித்து, பேய்க்கதைகளுக்கு எலுமிச்சம்பழமும் பாதி எரிந்த மெழுகுவர்த்தியும் வைத்துப் படம் எடுத்தேன். கொலைக் கதைகளுக்கு மிஸ் தன்னுடைய தையல் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார். படத்துக்குக் கீழே போடும் வரிகளும் அவருடையவைதான். "இந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் பயமாக இருக்கிறது" என்று அவர் எழுதிய அன்று அந்த ஒரு புத்தகத்துக்கு அடிபிடி.

யாராவது கேட்டால், ஊர்ப் பெயரை மஞ்சள் காகிதத் துண்டில் எழுதி அட்டையில் ஒட்டி, மறுபடி படம் போடுவேன். மற்றவர்கள் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். யாருக்காகவும் வரிசையை மாற்றக் கூடாது என்று கறாராகச் சொன்னதும் மிஸ்தான்.

ஒரு பங்களாப் பேய்க்கதை இரண்டு பாகமாக இருந்தது. முதல் பாகத்தை முடித்த வட்டவளை அக்கா போன் பண்ணினார்.

"தங்கச்சி, ரெண்டாம் பாகத்த யாருக்கும் குடுத்துறாதீங்க, சம்பளத்தன்னைக்கு நானே வந்து எடுத்துக்கிறேன். கெணத்துக்குள்ள இருந்து கை வந்ததோட நிப்பாட்டிட்டாங்க. மலையில கொழுந்து பறிக்கிறப்பவும் அதே நெனப்புதான்."

அன்றே துண்டு ஒட்டினேன். அக்கா டவுனுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய முதல் பாகத்தை மிஸ் பத்திரிகைத் தாளில் சுற்றி, வாசிக்கத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அதையும் நான்தான் சுற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் வாசகர் வட்டக் கூட்டம். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் எழுந்து நின்றார்.

"பொம்பளைங்க போனுக்குப் பேயையும் கொலையையும் அனுப்புறதா லைப்ரரி வேலை?"

எல்லோரும் மிஸ்ஸைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், துளிகூடப் பயமில்லாமல். மிஸ் இருக்கிறாரே.

"அது அவ தன்ர போனில, தன்ர விருப்பத்துக்குச் செய்தது," என்றார் மிஸ். "எனக்கு ஒண்டும் தெரியாது. நான் உதுகளை வாசிக்கிறதுமில்லை."

அவருடைய கத்தரிக்கோல் அப்போதும் என் ஸ்டேட்டஸில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். உம்மட போனில என்று அவர் சொன்னதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்ட என்னைத்தான் சொல்ல வேண்டும். அவர் தப்பிப்பதற்கு அன்றைக்கே வழி வைத்திருக்கிறார். முதுகில் குத்துகிறவர்களைக் கதைகளில் எத்தனையோ பேரைக் கண்டுபிடித்தவள் நான், கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவரைக் கோட்டை விட்டேன்.

காட்சி நின்றது. பின்பக்கத்துப் புத்தகங்களையெல்லாம் கட்டி ஸ்டோர் ரூமில் போடச் சொன்னார்கள். நான் கட்டும்போது மிஸ் கயிற்றைப் பிடித்துக் கொடுத்தார். "மனசில வச்சிருக்காதையும் பிள்ளை," என்றார். "சரிங்க மிஸ்" என்றேன். மனசில்தான் வைத்திருக்கிறேன்.

வட்டவளை அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"நாங்க எதப் படிக்கணும்னு அவங்களா சொல்றது?" என்று முதலில் சத்தம் போட்டார். பிறகு குரல் இறங்கியது. "மிஸ் நம்ம பக்கம்னு நீங்கதானே தங்கச்சி சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். அன்று அழுதேன்.

கொஞ்ச நாள் கழித்து, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், பக்கத்து அறையிலிருந்து மிஸ் போனில் செய்தி அனுப்பினார்.

"பிள்ளை, பங்களாக் கதையின்ர இரண்டாம் பாகம் எந்தக் கட்டுக்குள்ள கிடக்கு? ஒருத்தருக்கும் தெரியாமல் எடுத்துத் தாரும்."

ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். ஈரத்தில் அட்டை லேசாக ஊதியிருந்தது. மஞ்சள் துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் படம் எடுத்தேன். மிஸ்ஸுக்கு அனுப்பினேன்.

"இது வட்டவளை அக்காவுக்கு எடுத்து வச்சது மிஸ். அவங்க படிச்சுட்டுக் குடுத்ததும் வரிசையில அடுத்தது நீங்கதான். அக்காவ எப்ப வரச் சொல்லட்டும்?"

பார்த்துவிட்டார் என்று நீலக் குறி விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது.

கயிற்றை நான் திரும்பக் கட்டவில்லை.