ஷீலா போட்டால் செல்லாது

பரத்வாஜைத் திட்டுவதற்கு முன்னால் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஏனென்று சொல்கிறேன். முதலில் ஷீலா யாரென்று தெரிய வேண்டும்.

கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் ஒரே குடிசை வரிசையில் வளர்ந்தவர்கள் நாங்கள். கார்ப்பரேஷன் பள்ளியில் படிக்கும்போது அவள் பாஸ்கெட்பால் கேப்டன். பந்து அவள் கைக்கு வந்தால் மூன்று பேர் சேர்ந்து மறிப்பார்கள். அப்படியும் போடுவாள். அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வெள்ளம். வெள்ளம் வடிந்ததும் அந்த வரிசையை இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அதற்கு முன்பே மாமியாரின் ஹவுசிங் போர்டு வீட்டுக்குக் குடிபோய்விட்டதால் தப்பித்தேன். ஷீலாவுக்கு இப்போது நாற்பது வயது. வேளச்சேரியில் ஒரு மாலில் ஹவுஸ்கீப்பிங் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் ஒன்பது மணிக்கு டியூட்டி. காலை ஆறிலிருந்து எட்டு வரை கோட்டூர்புரம் கோர்ட்டில் எங்களோடு ஆடுவதற்காக முதல் பஸ் பிடித்து வருவாள். வாரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

எங்கள் கோர்ட்டில் அம்பயர் கிடையாது. பக்கத்துக்கு மூன்று பேர், முதலில் பதினொரு பாயின்ட் தொட்டவர்தான் ஜெயித்தவர். தகராறு வந்தால் பந்தைக் கடைசியாகத் தொட்டவர் சொல்வதுதான் தீர்ப்பு. அதற்குமேல் பேசினால் போங்கு என்று மைதானமே கத்தும்.

ஷீலா வந்த முதல் நாளே பரத்வாஜ் தனிச் சட்டம் போட்டான். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், எங்களுக்கும் அவன்தான் மேனேஜர். பந்து கிடைத்தால் யாருக்கும் தராமல் தனி ஆவர்த்தனம் வாசிப்பான்.

"லேடீஸ் மேல இடிச்சா அசிங்கம், அதனால உங்களை யாரும் மறிக்க மாட்டோம். மறிக்காம போடுற பாயின்ட் நியாயமில்ல, அது செல்லாது. ஒப்புக்குச் சப்பாணியா நில்லுங்க" என்றான்.

"மறிச்சுப் பாரேன். நான் இன்னா கண்ணாடிப் பொம்மையா?" என்றாள் ஷீலா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று வருடம் அப்படியே ஓடியது. பந்தோடு நடுவில் மாட்டிக்கொண்டால் அவளிடம் தள்ளுவோம், சுவரில் அடித்து வாங்குவதுபோலத் திரும்ப வாங்கிக்கொள்வோம். அவள் பாஸ்கெட் போட்டால் பாயின்ட் கிடையாது, பந்து எதிராளிக்குப் போய்விடும். அது தெரிந்தும் சில சமயம் போடுவாள். "ஏன் வேஸ்ட் பண்றீங்க?" என்று பரத்வாஜ் எரிந்து விழுவான். அநியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன், அவன் அபார்ட்மென்ட் ஏ.சி. சர்வீஸ் முழுக்க அவன் தயவில்தானே என் கையில் இருந்தது.

போன மாதம் வேளச்சேரியிலிருந்து ஸ்ரீகிருஷ்ணாவின் கோஷ்டி வந்து அதே ஆறு மணி தங்களுக்கு வேண்டும் என்றது. வாய்ச் சண்டை முற்றி, ஒரே ஆட்டம், ஜெயித்தவருக்கே ஞாயிறு காலை என்று முடிவானது. தோற்றால் எங்களுக்கு எட்டு மணிக்கு மேல். நாங்கள் எட்டுக்கும் வருவோம், பத்துக்கும் வருவோம். ஷீலாவால் முடியாது.

ஆட்டத்தன்று எங்கள் விக்கி காலைச் சுளுக்கிக்கொண்டு படுத்துவிட்டான். வேறு வழியில்லை, ஷீலா இறங்கினாள். இறங்கியவளை அப்படியே ஆடவிட்டால் பரத்வாஜுக்குத் தூக்கம் வருமா?

"பாஸ், அவங்க ஒப்புக்குச் சப்பாணி. அவங்க போட்டா செல்லாது, நீங்க மறிக்க வேணாம்" என்று ஸ்ரீகிருஷ்ணாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மூன்று பேருக்கு எதிராக எங்களை இரண்டு பேராக்கிய புத்திசாலி!

அப்படியும் பத்துக்குப் பத்து வந்தோம். அதில் ஏழு பாயின்ட் ஷீலா கொடுத்த பாஸில் வந்தவை. கடைசிப் பந்து பரத்வாஜ் கையில். இரண்டு பேர் அவனை அமுக்க, என்னை ஒருவன் ஒட்டிக்கொள்ள, பதறிப்போய் ஷீலாவிடம் எறிந்தான். அவள் நின்ற இடத்திலிருந்தே தூக்கிப் போட்டாள். வளையத்தில் படாமல் உள்ளே இறங்கியது.

"பதினொண்ணு! முடிஞ்சுது!" என்று பரத்வாஜ் குதித்தான்.

"போங்கு! செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

"அது ஃப்ரெண்ட்லி மேட்ச்ல பாஸ். லாஸ்ட் பாயின்ட்டுக்கு எல்லாம் செல்லும்."

என்ன நாக்கு அது! எலும்பே கிடையாதா?

ஸ்ரீகிருஷ்ணா அவனை விட்டுவிட்டு ஷீலா பக்கம் திரும்பினான். "பந்தை நீங்கதான் போட்டீங்க. நீங்களே சொல்லுங்க, செல்லுமா செல்லாதா?"

மூன்று வருடத்தில் அந்தக் கோர்ட்டில் அவளிடம் ஒருவர் தீர்ப்பு கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அவனைப் பார்க்கவில்லை, பரத்வாஜையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"டில்லி, இத்தினி நாள்ல நான் எவ்ளோ பாஸ்கெட் போட்டுக்கீறேன்? சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. யார் எண்ணினார்கள்?

"அதெல்லாம் செல்லலன்னா இது மட்டும் எப்டி செல்லும்? செல்லாது. பந்தை அவங்க கைல குடு."

பரத்வாஜ் தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த நிமிடமே ஸ்ரீகிருஷ்ணா போட்டான், பதினொன்று. ஞாயிறு காலை போய்விட்டது. ஷீலா ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள்.

"அறிவுகெட்ட பொம்பளை, ஜெயிச்ச ஆட்டத்தைத் தூக்கிக் குடுத்துட்டா" என்றான் பரத்வாஜ்.

அப்போதுதான் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "யார்ரா அறிவு கெட்டது? அவ போட்டது செல்லும்டா! மூணு வருஷமா போட்டது எல்லாம் செல்லும்டா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவளுக்கும் கேட்டது. பஸ் ஸ்டாப் பக்கம் போனவள் நின்று திரும்பினாள்.

"இப்ப கத்து. இவ்ளோ நாளா வாய்ல கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்த?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.