நெளுக்குளத்துச் சேர்வருக்கு அடித்த தேங்காய்

மற்றவனுடைய கணினிச் சேர்வர் பழுதாக வேண்டும் என்று பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் அடித்தவன் இந்த வன்னியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையார் எனக்குச் செய்ததை அடியார்களாகிய உங்களுக்குச் சொல்வதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கண்டாவளையில் ஒரு விவசாயிகள் சங்கத்தில் எனக்குக் கணினி வேலை. உறுப்பினர்களின் காணி அனுமதிப்பத்திரங்களான பெர்மிற்றுகளை ஸ்கான் செய்து சேர்வரில் பாதுகாக்கிறோம். நெளுக்குளத்தில் இன்னொரு சங்கத்தில் இதே வேலையைச் செய்பவன் சிவநேசன். என் வகுப்புத் தோழன். கணக்குப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவன். அவனுக்குப் புதுச் சேர்வர் வந்தது. ஏசி போட்ட அறை வந்தது. எனக்கு வந்தது எங்கள் தலைவரின் கதை.

"நெளுக்குளத்தைப் போய்ப் பாரும் தம்பி. என்ன வடிவா வச்சிருக்கினம்!"

போய்ப் பார்த்தேன். முதலாம் வாய்க்கால், இரண்டாம் வாய்க்கால் என்று அவன் கோப்புகளை அடுக்கியிருந்த முறையை அப்படியே களவெடுத்து வந்து என் சேர்வரில் வைத்தேன். அதற்குப் பிறகும் வயிறு எரிந்தது. அப்போதுதான் அந்தத் தேங்காய்.

பிள்ளையார் கேட்டார். முகவரிதான் மாறிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை என்னுடைய சேர்வர் மெல்லிதாக ஒரு புகை விட்டுச் செத்தது.

அன்றே எங்கள் சங்க உறுப்பினர் பரமேஸ்வரி அக்கா வந்தார். "தம்பி, வியாழக்கிழமை காணி விசாரணை. என்ர பெர்மிற்றை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

அவரது அசலைக் கறையான் தின்றுவிட்டது. அரசாங்கக் கந்தோரில் இருந்த பிரதி யுத்தத்தோடு போய்விட்டது. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிய தகப்பனின் அரை ஏக்கர் வயலை, பக்கத்துக் காணிக்காரர் தன்னுடையது என்கிறார். எங்கள் ஸ்கான் ஒன்றுதான் சாட்சி. "நாளைக்குத் தாறன் அக்கா" என்றேன். வீட்டுக்குப் போய்ச் சாமிப்படத்தின் முன் அழுதேன். "அப்பனே, என்ர கெட்ட புத்திக்கு அந்த அக்காவைத் தண்டியாதையும்."

காப்புப்பிரதி இருந்தது. வெள்ளிதோறும் தனி ஹார்ட் டிஸ்க்கில் தானாகப் பதிவாகும். அதை அமைத்துத் தந்தவனும் சிவநேசன்தான். ஒருநாள் வந்தவன், நான் கேட்காமலே செய்துவிட்டுப் போனான். பெரிய ஆள் காட்டுகிறான் என்று மூன்று நாள் மனைவியிடம் புறுபுறுத்தேன். இப்போது அதைத் திரும்ப எடுக்க இன்னொரு சேர்வர் வேண்டும். அதுவும் அவனிடம்தான் இருந்தது.

அவனுக்குப் போனில் சொல்லிவிட்டு, புதன்கிழமை காலை நெளுக்குளத்துக்குப் பஸ் ஏறினேன்.

"வா மச்சான்! டிஸ்க்கைக் கொண்டந்தனியே?"

ஒரு குத்தல் கதை இல்லை. குத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

டிஸ்க்கைத் தன் சேர்வரில் பூட்டி, என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குப் போனான். திரை கேட்டது: கோப்புகளைப் பழைய இடத்திலேயே வைப்பதா, வேறு இடத்தில் வைப்பதா? பழைய இடத்தில் ஏற்கெனவே சரி அடையாளம் விழுந்திருந்தது. கீழே இன்னொரு வரி: அதே பெயரில் கோப்பு இருந்தால் அதை அழித்துவிட்டு எழுதலாமா?

அப்போதுதான் உறைத்தது. அவனுடைய சேர்வரிலும் அதே இடத்தில் அதே முதலாம் வாய்க்கால், அதே இலக்கங்கள். நான் களவெடுத்த பெயர்கள். ஒரு தட்டுத் தட்டினால் நெளுக்குளத்தாரின் பெர்மிற்றுகள் போய், அங்கே என்னுடையவை இருக்கும். தெரியாமல் நடந்தது என்று சொல்லிவிடலாம். அவனிடமும் காப்புப்பிரதி இருக்கும்தான். ஆனாலும் ஒரு நாளாவது அந்த முகம் வாடுமே!

விரல் மவுஸில் இருந்தது. எடுக்க மனமில்லை. "பிள்ளையாரே, என்ர கையைப் பிடியும்" என்றேன்.

குசினியிலிருந்து குரல் வந்தது. "மச்சான், உனக்குச் சீனி போடாமல்தானே? காலமை மருந்துக் குளிசை போட்டனியோ?"

என் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என் வீட்டாருக்கே சில நாள் மறந்துபோகும். இவன் நல்லவனாக வேறு இருக்கிறானே என்று எரிச்சல் வந்தது. எரிச்சலோடுதான் 'வேறு இடம்' என்பதைத் தட்டினேன். எல்லாவற்றையும் ஒரே டிரைவில் வைக்க இடம் போதவில்லை. பெர்மிற்றுகளை ஒன்றில், வரைபடங்களை இன்னொன்றில், படங்களை மூன்றாவதில் என்று ஒவ்வொன்றுக்கும் 'கண்டாவளை' எனப் புதுக் கோப்புறை திறந்து வழி காட்டினேன்.

தேநீர் ஆறிய பிறகுதான் வேலை முடிந்தது. மூன்றாம் வாய்க்காலைத் திறந்தேன். பரமேஸ்வரி அக்காவின் தகப்பனின் கைநாட்டு, ரேகை ரேகையாகத் தெரிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிவநேசன் காணாதவன்போல ஏசியைக் கூட்டினான். அந்த ஏசிக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவன் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்கிறேன். பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று சாமி சந்நிதியில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது என்னை நடத்துவதில்லை; நான்தான் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு திரிகிறேன். மனம் சுத்தமான பிறகு பிள்ளையாரிடம் போகலாம் என்று நீங்களும் காத்திருக்காதீர்கள். அழுக்கோடு போய்க் கேளுங்கள். பிடிக்க வேண்டிய இடத்தில் அவர் பிடிப்பார். கேட்பதற்கு முன், கேட்பது என்னவென்று மட்டும் ஒருமுறை யோசியுங்கள்.

விசாரணையில் வயல் அக்காவுக்கே நின்றது. மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, நான் எடுத்துக் கொடுத்த ஸ்கான் பிரதியை என் மேசையில் விரித்தார்.

"நீங்கள் நல்லா இருக்கோணும் தம்பி. ஆனா இதென்ன, சரிஞ்செல்லோ கிடக்கு? நெளுக்குளத்தில ஒரு தம்பி நல்ல நேரா எடுத்துக் குடுக்கிறாராம்."