மாதிரிக்கு வைத்த முகம்

சூசை அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு வேண்டுகோளோடு சேர்ந்துதான் வந்தது. விழுப்புரத்தில் என் கடையை அப்போதுதான் திறந்து உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகள் ரெஜினா திண்டிவனத்திலிருந்து போன் செய்தாள். "அக்கா, அப்பா போயிட்டாருக்கா. காலையில டீ குடிச்சிக்கினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "நாளைக்கு அடக்கம். மத்தியானத்துக்குள்ள போஸ்டர் போடணும்க்கா. வீட்ல நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்ல. உங்ககிட்ட இருக்கும்ல?" என்று கேட்டாள்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு இது விளங்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனம், ஒலக்கூர் பக்கத்தில் இருபது வருடமாக யார் இறந்தாலும் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் தெருமுனையில் கட்டும் பிளக்ஸும் பெரும்பாலும் அவர் கணினியில் உருவானவை. ஊரில் இருந்த முகங்களையெல்லாம் திருத்தி, சட்டை மாற்றி, பின்னால் மேகம் வைத்துக் கொடுத்த மனிதருக்குத் தன் படம் ஒன்று இல்லை. யாராவது போனைத் தூக்கினால் கையை வைத்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஆதார் அட்டையில் இருப்பது அவர்தான் என்று அவர் மனைவியே சத்தியம் செய்ய மாட்டார். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பாதி அவர்மேல், மீதி என்மேல். ஏனென்றால் அவருடைய நல்ல படம் என்னிடம் நூற்றுக்கணக்கில் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் என் கையாலேயே அத்தனையையும் அழித்திருந்தேன்.

அவர் முதன்முதலாக என் கடைக்கு வந்தது போன வருட மழைக்காலத்தில். கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கிலிருந்து தகவல்களை மீட்டுக் கொடுப்பது என் தொழில். ஈரத் துண்டில் சுற்றிய ஒன்றை மேசைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தால் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. மீன் வாசனை அடித்தது.

"ராத்திரி பூரா ப்ரீசர்ல வச்சா சரியாயிடும்னு யூடியூப்ல ஒருத்தன் சொன்னாம்மா."

"மீனோட சேத்தா வச்சீங்க?"

"கவர்ல போட்டுதான் வச்சேன்" என்றார், குற்றம் மீன்மேல் என்பதுபோல. அதோடு விட்டாரா? தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல அதைக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டினார். "உள்ள டிக் டிக்னு கேக்குது பாரு."

டிக் டிக்கென்று கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பிடுங்கிவிட்டுத் தொடாமல் இருக்க வேண்டும். இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. சூசை அண்ணன் அதை ஒரு வாரம் சொருகிச் சொருகி எடுத்திருக்கிறார். பார்மட் பண்ணட்டுமா என்று திரை கேட்டிருக்கிறது. இவர் சரி என்று அழுத்தியிருக்கிறார். ஏன் அழுத்தினீர்கள் என்று கேட்டால், "அதுவா கேக்குது. கேக்கறப்ப வேணாம்னு எப்படி சொல்றது?" என்கிறார். போகட்டும், இன்னொரு காப்பி வைத்திருக்கிறீர்களா என்றேன். முகம் மலர்ந்து, "இருக்குதே!" என்றார். எங்கே என்றேன். "அதுலயேதாம்மா. வேற போல்டர்ல." நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

திட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் கிளம்பவில்லை. ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில் அஞ்சலை என்று ஒரு அம்மா, கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறிக்கிற வேலைக்குப் போகிறவர். அடுத்த மாதம் அவர் கணவருக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். அந்த மனிதர் வாழ்நாளில் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். அதை சூசை அண்ணன் ஸ்கேன் செய்த கொஞ்ச நாளில் மழை அவர்கள் கூரையையும் படத்தையும் ஒன்றாக நனைத்துவிட்டது. ஒட்டிய போஸ்டரோ எப்போதோ கிழிந்து போயிற்று. "இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு இல்ல கலாம்மா. ஜனங்க என்னை நம்பி அந்தப் படத்த பத்திரமா வச்சிக்கல" என்றார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது. அப்படியானால் படத்தோடு பெயர், ஊர் எல்லாம் ஒரு நோட்டிலாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "பேரு போனா யாரையாச்சும் கேட்டு எழுதிக்கலாம். மூஞ்சி போனா யார்கிட்ட கேக்கறது?" என்றார். எழுதவில்லை என்பதைத்தான் அவ்வளவு அழகாகச் சொன்னார்.

ஈரம் முழுதாகக் காயும்வரை காத்திருந்து, அந்த டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். ஒரு பகுதி வரும், பிறகு நின்றுவிடும், டிக் டிக் என்னும், மறுபடி வரும். பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் காலை ஒன்பது மணிக்குப் போன் செய்து, "வந்துடுச்சாம்மா?" என்பார். பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவர்கள்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள். ஒருவழியாகப் படங்கள் வந்தன. ஆனால் பெயர்கள் வரவில்லை. கோப்புப் பெயர், போல்டர் எல்லாம் போய், வெறும் எண்களோடு ஆயிரக்கணக்கான முகங்கள். எந்த முகம் யாருடையது என்று சொல்லத் திண்டிவனத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் ரயிலேறி விழுப்புரம் வந்துவிடுவார். நான் திரையில் ஒவ்வொரு முகமாகக் காட்டுவேன். அவர் பெயர் சொல்ல, நான் தட்டச்சு செய்ய வேண்டும். ஏற்பாடு இவ்வளவுதான். ஆனால் சூசை அண்ணனுக்குப் பெயர் மட்டும் சொல்ல வராது. "இவரா? மூணு பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பண்ணாரு. நாலாவது பொண்ணு, அவளே பண்ணிக்கினா. அதுக்கப்புறம் அவகூடதான் இருந்தாரு" என்பார். "இந்தம்மா இட்லிக்கடை. சட்னி கேட்டா முறைப்பாங்க. மூஞ்சியில தெரியுது பாரு" என்பார். ஒரு மணி நேரத்தில் எட்டு முகம். மற்ற வேலைகள் மேசையில் குவிந்து கிடக்கும்.

"அண்ணே, பேர மட்டும் சொல்லுங்க."

"சொல்லிக்கினுதானம்மா இருக்கறேன்."

"கதை வேணாம். பேரு, ஊரு. அவ்ளோதான்."

"செத்தவங்களுக்கு அவசரமே இல்ல. உனக்கு இன்னா ஜல்தி?" என்று சிரிப்பார். நான் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை அஞ்சலையம்மாவையும் கூட்டி வந்துவிட்டார். அவர் கணவர் படம் இன்னும் கண்ணில் படவில்லை, இரண்டு ஜோடிக் கண் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்பது சூசை அண்ணன் கணக்கு. அந்த அம்மா நாற்காலியில் உட்கார மறுத்து நின்றுகொண்டே பார்த்தார். மத்தியானம் ஒரு முகம் வந்தபோது திரையின்மேல் விரலை வைத்தார். சாதாரணமாக யாராவது திரையைத் தொட்டால் நான் கத்துவேன். "இத இனிமே தொலைச்சிட மாட்டீங்கள்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தொலைத்தவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் கூரையைப் பார்த்தபடி, "அதெல்லாம் மேடம் பாத்துக்குவாங்க" என்றார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மீட்ட படங்களுக்கு நடுவே பத்துக்கு ஒன்று சூசை அண்ணனின் முகமாகவே இருந்தது. வெள்ளைச் சட்டை, லேசான சிரிப்பு, மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. முதலில் பார்த்தபோது திரையை விட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். கேட்டால் விளக்கம் ரொம்பச் சாதாரணம். போஸ்டருக்கு மாதிரி காட்ட யாராவது ஒருவர் முகம் வேண்டும். உயிரோடு இருக்கிற எவரும் தர மாட்டார். இறந்தவர் படத்தை வைத்தால் அந்த வீட்டார் சண்டைக்கு வருவார்கள். "அதான் என்னையே வச்சிட்டேன். எனக்கு இன்னா வந்துடப் போவுது?" சாவு மாதிரியைப் போனில் அனுப்புவது நன்றாக இருக்காது என்று, வருகிறவர்களுக்குக் கடைத் திரையில் மட்டும் காட்டுவாராம். நீலப் பின்னணியில் ஒன்று, சிலுவை வைத்து ஒன்று, புறா பறப்பதாக ஒன்று. மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரே டிஸ்க்கில் புதிதாகச் சேமித்திருக்கிறார். வேலை நடுவே இதைத் தள்ளித் தள்ளி என் விரல் தேய்ந்தது. ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல், "அண்ணே, உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து பேஜாரா இருக்குது. எல்லாத்தையும் எடுத்துடட்டுமா?" என்றேன்.

"எடுத்துடும்மா. நான்தான் இருக்கறேனே" என்றார்.

எடுத்துவிட்டேன். மிச்சத்தைப் புது டிஸ்க்குகளில் இரண்டு காப்பி போட்டு, நகல் எடுத்து வைத்திருந்த டிஸ்க்கையும் துடைத்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன். மீன் வாசனை போகாத அந்தப் பழைய டிஸ்க்கை மட்டும் அவர் எடுத்துப்போகவும் இல்லை, குப்பையில் போட விடவும் இல்லை. "கெடக்கட்டும்மா, அது பாட்டுக்கு" என்று என் அலமாரியிலேயே விட்டுவிட்டார். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று அதற்கும் தனியாகப் புலம்பியிருக்கிறேன்.

ரெஜினாவிடம் பத்து நிமிடத்தில் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, அந்த டிஸ்க்கை எடுத்துச் சொருகினேன். மூன்று மாதமாகக் கிடந்தது. சுற்றியது, நின்றது, டிக் டிக் என்றது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் செய்யாதே என்று சொல்லும் அத்தனையையும் அன்று நானே செய்தேன். பிடுங்கிச் சொருகினேன், படுக்கவைத்தேன், நிமிர்த்தினேன். கடைக்கதவைச் சாத்திவிட்டு, "வாங்கண்ணே, ஒண்ணே ஒண்ணு குடுங்க, அப்புறம் நான் எதுவும் கேக்கல" என்று அதனிடம் வாய்விட்டுப் பேசினேன். பதினொன்றே கால் மணிக்கு ஒரே ஒரு கோப்பு வந்தது. அதற்குப்பின் அது சுற்றவே இல்லை.

அது சிலுவை வைத்த மாதிரி. நெற்றி, கண், அந்தச் சிரிப்பு, தாடை எல்லாம் இருந்தன. கழுத்துக்குக் கீழே படம் கெட்டு ஒரே சாம்பல் நிறம். 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பு அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. பெயரும் பிறப்பும் இறப்பும் எழுத வேண்டிய இடம்தான் சாம்பலுக்குள் போயிருந்தது. அந்தச் சாம்பலின் மேலேயே 'ம. சூசைநாதன்' என்று வெள்ளை எழுத்தில் அடித்தேன். அப்போதுதான் அழுதேன். ஊராருக்கெல்லாம் கடைசி வேலையைச் செய்து கொடுத்த மனிதர், தன்னுடையதையும் முக்கால்வாசி முடித்து வைத்துவிட்டு, மிச்சத்தை என் தலையில் கட்டியிருந்தார். ரெஜினாவுக்கு அனுப்பினேன். "அப்பா சிரிக்கறாருக்கா" என்று மட்டும் பதில் வந்தது.

மறுநாள் திண்டிவனம் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சுவரில் அவர் இருந்தார். கீழே ஏன் சாம்பலாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுவும் அவர் செய்த டிசைன் என்றே நினைத்திருப்பார்கள். மாதா கோயில் வாசலில் அஞ்சலையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு படத்த எத்தினி எடத்துல வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மூன்று இடத்தில் என்றேன். உண்மையாகவே மூன்று இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

அதைத் தவிர சூசை அண்ணன் என்னிடம் விட்டுப்போனவை நாற்பத்தொரு முகங்கள். நாங்கள் முடிக்காமல் விட்டவை. வெறும் எண்கள் மட்டும் உள்ளவை. திண்டிவனம், ஒலக்கூர் பக்கத்து மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும். அவரைத் தெரிந்த உங்களுக்கு இவர்களில் சிலரையாவது தெரிந்திருக்கும். சனிக்கிழமைகளில் கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள். முகத்தைப் பார்த்ததும் யார், எந்த ஊர், எந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார், யாருக்குச் சட்னி தர மறுத்தார் என்று ஆரம்பித்தால் நிறுத்தாமல் சொல்லுங்கள். பெயரை மட்டும் சொல்லுங்கள் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.